வீட்டுக்குள் எதற்கு எட்டுப் பீரியட்?

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகள், 2021 நவம்பர் 1 அன்றுதான் மறுபடியும் திறந்தன. அந்த இடைவெளியில் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்துப் பழகிய பெற்றோரில் சிலர், அதன் பிறகும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மழலையர் பள்ளிக் கட்டணம், வேன் பயணம், மூன்றரை வயதிலேயே தொடங்கிவிடும் வீட்டுப்பாடம் என்று வேறு காரணங்களால் ‘ஹோம்ஸ்கூலிங்’ பக்கம் வந்தவர்களும் உண்டு. அவர்கள் எடுத்த முடிவு சரியா, தவறா என்ற விவாதம் ஒருபுறம் நடக்கட்டும். வீட்டில் இருக்கும் அந்த நான்கு வயதுப் பிள்ளையின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதைத்தான் நாம் முதலில் பேசியாக வேண்டும்.

பள்ளியின் நெருக்கடி வேண்டாம் என்று பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்ட பலர், அதே பள்ளியின் கால அட்டவணையைக் கொண்டுவந்து வீட்டுச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். ஒன்பது மணிக்குத் தமிழ், ஒன்பதே முக்காலுக்கு ஆங்கிலம், பத்தரைக்குக் கணக்கு. முதல் வாரம் புது நோட்டு, புது பென்சில் என்று உற்சாகமாகப் போகிறது. மூன்றாவது வாரத்தில் நோட்டை எடுத்தாலே பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது. அம்மாவின் குரல் ஏறுகிறது. ஆறு மாதத்துக்குள் ‘இவனுக்குப் படிப்பு வராது’ என்ற பேச்சு உறவினர் மத்தியில் பரவிவிடுகிறது. அந்தப் பேச்சு பிள்ளையின் காதிலும் விழுகிறது.

நான்கு வயதில் விழுந்த முத்திரையை அழிக்கப் பல ஆண்டுகள் ஆகும். பிள்ளைக்கும் அட்டவணைக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், அட்டவணையைத் திருத்துங்கள். வீட்டில் கற்பிப்பவர்களுக்கு அந்தச் சுதந்திரம் முழுமையாக இருக்கிறது. பெரும்பாலோர் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நாற்பது நிமிடம் யாருக்காக?

பள்ளியில் பீரியட் எதற்கு வந்தது? ஒரே கட்டடத்தில் பல வகுப்புகள். ஒவ்வொரு வகுப்பிலும் முப்பது, நாற்பது பிள்ளைகள். ஓர் ஆசிரியர் ஒரு வகுப்பை முடித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போக வேண்டும். இத்தனை பேரையும் ஒழுங்காக நகர்த்த மணி தேவைப்படுகிறது. குழந்தையின் மூளை நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை பாடம் மாற்றச் சொல்லவில்லை. கட்டடத்தின் நிர்வாகம் சொல்கிறது. ஒரே ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தத் தேவையே இல்லை.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் கணக்கையும் பார்க்கலாம். 2009-ல் நிறைவேறிய அந்தச் சட்டம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று வரையறுக்கிறது. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பதும் அதே சட்டத்தின் அளவுகோல். வருகைப் பதிவு, நோட்டுத் திருத்துவது, சண்டையை விலக்குவது எல்லாம் அந்த நான்கு மணி நேரத்துக்குள் அடக்கம். ஒரு பிள்ளைக்கு ஆசிரியரின் தனிக் கவனம் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

இதை ஆசிரியர்கள் மீது குறையாகச் சொல்லவில்லை. அவர்களின் வேலைச் சூழல் அப்படி. ஆனால், பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரே பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கு அந்த நான்கு மணி நேரம் எதற்கு? ஆறேழு வயதுப் பிள்ளைக்கு, பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகச் சேர்த்து, மொத்தம் ஒரு மணி நேரம் தாராளம். நான்கு வயதுக்குக் கதை, பாட்டு, விளையாட்டு போதும். உட்கார்ந்து எழுதும் பாடம் என்று ஒன்று தேவையே இல்லை.

இது வீட்டுக்கல்விக்காரர்களின் தனிக் கருத்து அல்ல. தேசியக் கல்விக் கொள்கை 2020, மூன்று முதல் எட்டு வயதுவரையிலான காலத்தை ஒரே அடித்தளப் பருவமாகக் கொள்கிறது. அதற்காக 2022-ல் வெளியான கலைத்திட்டச் சட்டகம் விளையாட்டைத்தான் கற்றலின் முதன்மை வழியாக முன்வைக்கிறது. அந்தக் கொள்கையைப் பல காரணங்களுக்காக எதிர்க்கும் தமிழ்நாடு அரசும், 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பாட்டு, கதை, கைவேலை, குழுச் செயல்பாடு என்றே வகுப்பறையை வடிவமைத்தது. அதற்கும் முன்பே 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கச் சென்ற செயல்வழிக் கற்றல், பிள்ளைகளைப் பெஞ்சிலிருந்து இறக்கிப் பாயில் உட்காரவைத்தது. பள்ளிகளே இறுக்கத்தைத் தளர்த்திவரும் நேரத்தில், வீடுகள் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

முதலில் தூக்கம்

அட்டவணையை மாற்ற நினைப்பவர்கள் பாடநேரத்தைத்தான் முதலில் கூட்டிக் குறைக்கிறார்கள். நான் இரவிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஆறு வயதுக்கு மேல் 9 முதல் 12 மணி நேரம் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நம் வீடுகளின் நடைமுறை என்ன? அப்பா வேலை முடிந்து வர ஒன்பது மணி. சாப்பாடு, டிவி, செல்போன் எல்லாம் முடிந்து விளக்கை அணைக்கும்போது பதினொன்று. காலையில் ஏழு மணிக்கு எழுப்பினால் பிள்ளைக்குக் கிடைத்தது எட்டு மணி நேரம். அந்தப் பிள்ளை பத்து மணிக்கு அ, ஆ எழுத மறுத்து அழுதால் அது பிடிவாதம் அல்ல, தூக்கமின்மை.

வீட்டில் கற்கும் பிள்ளைக்கு வேன் வராது. வீட்டுக்கல்வியால் கிடைக்கும் முதல் லாபம் இதுதான். இரவு எட்டரைக்குப் படுக்கவைக்க முடிந்தால் நல்லது. அப்பா வரும்வரை விழித்திருந்தே தீருவேன் என்று பிள்ளை அடம்பிடிக்கும் வீடுகளில், மதியம் ஒரு நல்ல தூக்கமும் காலையில் தானாக விழிக்கும் வரை பொறுமையும் தேவை. அப்பாவோடு கழியும் அந்த இரவு நேரத்தைப் பறிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், படுக்கும் நேரமும் எழும் நேரமும் தினந்தோறும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு இரண்டு வாரம் காத்திருந்து பாருங்கள். பாதிச் சிக்கல் பாடத்தைத் தொடாமலேயே தீரும்.

அடுத்தது ஓட்டமும் வெயிலும். மூன்று, நான்கு வயதில் ஒரு நாளைக்கு 180 நிமிடம் உடல் அசைய வேண்டும், அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல். அடுக்குமாடி வீட்டில் இது தானாக நடக்காது. நாளின் திட்டத்தில் இதற்குத்தான் முதல் இடம் தர வேண்டும். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பிறகும்தான் வெளியே விட முடியும். அப்படியானால் அந்த மாதங்களில் காலை எட்டு மணி விளையாட்டு நேரம். பாடம், வெயில் ஏறிய பிறகு, நிழலில். மழைக்காலத்தில் தலைகீழ்: எப்போது மழை விடுகிறதோ அப்போது வெளியே.

கண்ணுக்கும் இது தேவை. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விளையாட விட்டுப் பார்த்தார்கள். மூன்றாண்டு முடிவில், வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் 39.5 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் விளையாடியவர்களில் 30.4 விழுக்காடு. 2015-ல் வெளியான ஆய்வு இது. செல்போன் திரையில் ‘ஆன்லைன் எல்கேஜி’ எடுக்கும் பெற்றோர் இதை ஒருகணம் யோசிக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது; அதிலும் குறைந்தால் நல்லது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பாட்டும் கதையும் திரையில் ஓடினாலும் அது திரைதான்.

விரல்கள் இன்னும் தயாராகவில்லை

வீட்டில் பெரும் போர் நடப்பது எழுத்துப் பயிற்சியில். ஒரு பக்கம் முழுக்க ‘அ’ எழுத வேண்டும், கோட்டைத் தாண்டக் கூடாது, அழித்து எழுது, மறுபடியும் அழி. தாள் கிழியும், பிள்ளையும் அழும்.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது இவை குருத்தெலும்பாகத்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றாக, ஆண்டுக்கணக்கில் கெட்டிப்படுகின்றன. கடைசி எலும்பு கெட்டிப்படத் தொடங்கவே பொதுவாக எட்டு வயதுக்கு மேல் ஆகிவிடுகிறது. மூன்று விரலில் பென்சிலைப் பிடித்து, நான்கு வரி நோட்டின் சின்ன இடைவெளிக்குள் எழுத்தை அடக்குவது மூன்றரை வயதுக் கைக்குப் பெரும்பாடு. வலிக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. பென்சிலைத் தூக்கி எறியத்தான் தெரியும்.

நம் முன்னோர் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் எழுதியது மணலில். பெரிய எழுத்து, ஒரு விரல், முழுக் கையின் அசைவு, அழிப்பதற்கு ஒரு தடவல். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பின்னர் அது ‘மெட்ராஸ் முறை’யின் ஒரு பகுதியாக இங்கிலாந்துவரை போனது. திண்ணைப் பள்ளியின் பிரம்படியையும், பல சாதிப் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் மூடப்பட்டிருந்த அதன் கதவையும் நாம் மறக்க முடியாது. அவை திரும்பி வரவே கூடாது. மணலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மணல் கிடைக்காத வீட்டில் ஒரு தாம்பாளத்தில் ரவையோ அரிசி மாவோ போதும். சப்பாத்தி மாவு பிசையட்டும், பட்டாணி உரிக்கட்டும், கீரை ஆயட்டும், வாசலில் புள்ளி வைத்துப் பார்க்கட்டும். சொட்டாங்கல் ஆடட்டும். இவை எல்லாம் விரலுக்கான பாடங்கள்தாம். பல்லாங்குழியின் பதினான்கு குழிகளில் முத்து போட்டு விளையாடும் பிள்ளை கூட்டலையும் கழித்தலையும் நோட்டு இல்லாமலேயே செய்கிறது. தாயம் உருட்டும் பிள்ளை கட்டத்தை எண்ணி எண்ணி நகர்த்துகிறது. இவற்றை ‘விளையாட்டு நேரம்’ என்று ஒதுக்கிவிட்டு, அப்புறம் ‘கணக்கு நேரம்’ என்று தனியாக உட்காரவைப்பது வீண்.

எழுதுவதற்கு அவசரமில்லை, வாசித்துக் காட்டுவதற்கு ஒரு நாள்கூட விடுமுறை வேண்டாம். தினமும் மடியில் வைத்து ஒரு கதை படியுங்கள். கேட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கே எழுத்தின் மீது ஆசை வரும். பள்ளிக் கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துக்காக ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்று நிலை பிரித்து எளிய கதைப் புத்தகங்களை வெளியிட்டிருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஓரிரு வரி உள்ள அப்படிப்பட்ட புத்தகங்கள், வீட்டில் கற்கும் பிள்ளைக்கும் நன்றாகப் பொருந்தும்.

வரிசை இருந்தால் போதும்

அப்படியானால் எந்த ஒழுங்கும் வேண்டாமா? வேண்டும். சிறு பிள்ளைகள் ஒழுங்கை விரும்புகிறார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. ஆனால், அவர்களுக்குப் புரியும் ஒழுங்கு கடிகாரத்தில் இல்லை. ‘பத்தரை மணி’ என்பது ஐந்து வயதுக்கு வெறும் ஓசை. ‘இட்லி சாப்பிட்ட பிறகு கதை, கதை முடிந்ததும் மாடிக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர்’ என்பது புரியும்.

எனவே நாளைச் சாப்பாட்டோடும் தூக்கத்தோடும் கட்டுங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு நிறைந்து, மனம் தெளிந்திருக்கும் அரை மணி நேரத்தில், புதிதாகச் சொல்லித்தர வேண்டியது எதுவோ அது. பதினொரு மணிக்குப் பசி எடுக்கும். அப்போது பழமோ சுண்டலோ. பசியோடு இருக்கும் பிள்ளையிடம் எந்தப் பாடமும் ஏறாது. மதியத்துக்கு மேல் கைவேலை, தண்ணீர் விளையாட்டு, வீட்டு வேலையில் கூடமாட உதவி. மாலை முழுக்க வெளியே. வரிசை மாறாமல் இருக்கட்டும். ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்பதைப் பிள்ளையின் முகம் சொல்லும்.

ஒரு செயலில் பிள்ளை மூழ்கிப்போனால் கலைக்காதீர்கள். ரோம் நகரின் சான் லாரென்சோ குடியிருப்பில் 1907-ல் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் குழிகளில் பொருத்துவதையும் எடுப்பதையும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்ததைக் கண்டார். சுற்றி மற்ற பிள்ளைகளைப் பாடவைத்தார். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமீது வைத்தார். அவள் தன் வேலையை விடவில்லை. சிறு பிள்ளைக்குக் கவனம் கிடையாது என்ற எண்ணத்தை உடைத்த நிகழ்வு அது. மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். அவர் பெயரைத் தாங்கிய மழலையர் பள்ளிகள் நம் தெருவெங்கும் இருக்கின்றன. மூழ்கியிருக்கும் பிள்ளையைக் கலைக்காதே என்ற அவருடைய அடிப்படைப் பாடம் மட்டும் எங்கோ தவறிவிட்டது.

பள்ளியில் மணி அடித்தால் எழுந்தாக வேண்டும். வீட்டில் அந்த மணி இல்லை. எறும்பு வரிசையைப் பார்த்தபடி பிள்ளை வாசற்படியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அன்றைய பாடம் அதுதான். ‘நேரமாச்சு, எழுந்து வா’ என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

எதை முதலில் செய்வது என்பதையும் பிள்ளையிடம் விடலாம். தமிழில் பலர் விரும்பிப் படித்த ‘டோட்டோ சான்’ நூலில் வரும் டோக்கியோவின் தோமோயி பள்ளியில், அன்று முடிக்க வேண்டியதை ஆசிரியர் காலையிலேயே கரும்பலகையில் எழுதிவிடுவார். எந்தப் பாடத்தில் தொடங்குவது என்பது ஒவ்வொரு பிள்ளையின் விருப்பம். ஒரு வகுப்பறையிலேயே அது முடிந்தது என்றால் வீட்டில் முடியாதா?

அட்டவணை பொருந்தவில்லை என்பதைப் பிள்ளை வாயால் சொல்லாது, உடம்பால் சொல்லும். தினமும் ஒரே நேரத்தில் வயிற்றுவலி, கண்ணைக் கசக்குவது, காரணமில்லாமல் தம்பியை அடிப்பது, நேற்றுவரை தெரிந்ததை இன்று தெரியாது என்பது எல்லாம் அறிகுறிகள். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் குறித்து வாருங்கள்: எப்போது பசித்தது, எப்போது எரிச்சல், எதில் மெய்மறந்து இருந்தது. அந்தக் குறிப்பேடு எந்தப் பாடத்திட்டத்தையும்விட உதவும். பிறகு ஒரே ஒரு மாற்றம். இரண்டு வாரம் கழித்து அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் மாற்றினால் எது பலன் தந்தது என்றே தெரியாது.

அம்மாவின் நாள்

வீட்டுக்கல்வி பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபடுவது அம்மா. முடிவை இருவரும் சேர்ந்து எடுத்திருப்பார்கள். காலை முதல் இரவுவரை அதைச் சுமப்பவர் பெரும்பாலும் ஒருவர்தான். சமையல், துணி, மாமியாரின் மருந்து, கைக்குழந்தை, அதோடு நான்கு பாடம். ‘வீட்டுலதானே இருக்க’ என்ற சொல் வேறு. இந்த நிலையில் சுவரில் ஒட்டிய அட்டவணை பிள்ளையைவிட அம்மாவைத்தான் அதிகம் தண்டிக்கிறது. பதினொரு மணிக்குள் கணக்கு முடியவில்லை என்றால், தான் தோற்றுவிட்டதாக அவர் நினைக்கிறார்.

பிள்ளைக்குப் பொருந்துவதுபோல் அம்மாவுக்கும் பொருந்தும் வழக்கமே நீடிக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டில், அது தூங்கும் முக்கால் மணி நேரம் மூத்த பிள்ளையோடு உட்காரும் நேரம்; காலையோ மதியமோ, அது தூங்கும்போது. ஐந்து வயதும் ஏழு வயதும் இருந்தால், இருவருக்கும் ஒரே கதை. மூத்தது அதை வாசிக்கும், இளையது படம் வரையும். காய்ச்சலும் கல்யாணமும் வரும் வாரங்களில் கதை மட்டும் போதும். அந்த வாரங்களால் எந்தப் பிள்ளையும் பின்தங்கிவிடுவதில்லை.

அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுமையாக உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். சந்தைக்குக் கூட்டிப்போங்கள்; தராசும் சில்லறையும் அங்கே இருக்கின்றன. தாத்தா பாட்டி உள்ள வீட்டில் கதை அவர்கள் வசம் இருக்கட்டும். ஆனால், வந்தவர்கள் எதிரே நிறுத்தி ‘ஏபிசிடி சொல்லு, தாத்தாவுக்குச் சொல்லிக் காட்டு’ என்று கேட்கும் பழக்கத்தைப் பெரியவர்கள் நிறுத்த வேண்டும். பள்ளிக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் ஒவ்வொரு கேள்வியும் மறுநாள் காலையில் அம்மாவின் கண்டிப்பாக மாறிப் பிள்ளைமேல்தான் விழுகிறது.

வீட்டால் தர முடியாத ஒன்றும் உண்டு. அது சக பிள்ளைகளின் கூட்டம். விட்டுக்கொடுப்பது, சண்டை போட்டுச் சேர்வது, தோற்பது ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கற்க முடியாது. வசதியும் பின்னணியும் வேறுபட்ட பிள்ளைகளோடு சேர்ந்து வளர்வதும் அப்படித்தான். வாரத்தில் மூன்று நான்கு மாலையாவது பூங்காவிலோ தெருவிலோ அதே பிள்ளைகளோடு விளையாடும் ஏற்பாடு இல்லை என்றால், வீட்டுக்கல்வியை மறுபரிசீலனை செய்வதே நல்லது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பதிவேட்டில் இல்லாத பிள்ளைகள்

வெளியே பேசப்படாத இன்னொரு சிக்கல், சுகாதாரம். தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் 2013 முதல் அங்கன்வாடிகளுக்கும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் சென்று பிள்ளைகளின் கண், காது, பல், இதயம், வளர்ச்சி ஆகியவற்றைப் பரிசோதிக்கின்றன. குடற்புழு நீக்க மாத்திரையும் அங்கேதான் முதலில் கிடைக்கிறது. வீட்டிலேயே இருக்கும் பிள்ளை இந்தக் கண்ணிகள் அனைத்திலிருந்தும் நழுவுகிறது. கரும்பலகை தெரியவில்லை என்று சொல்ல வீட்டில் கரும்பலகை இல்லை. பார்வைக் குறைபாடு ஆண்டுக்கணக்கில் தெரியாமல் போகலாம். பாடத்தில் கவனம் இல்லை என்று திட்டு வாங்கும் பிள்ளைக்கு உண்மையில் காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம்.

ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை கண், காது, பல் பரிசோதனையை வீட்டின் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். ஐந்து, ஆறு வயதில் போட வேண்டிய டிபிடி ஊக்கத் தடுப்பூசி மறக்கப்பட்டுவிடக் கூடாது. பேச்சு தாமதமானாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, ‘வீட்டுச் சூழலில் சரியாகிவிடும்’ என்று காத்திருக்க வேண்டாம். மாவட்ட அளவில் அரசு நடத்தும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இதற்காகவே உள்ளன.

சட்ட நிலையையும் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 6 முதல் 14 வயதுவரையிலான பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது குறிப்பிடவில்லை. வீட்டுக்கல்வியை அது பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பின்னாளில் தேர்வு எழுத வழி இருக்கிறது: பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் மாநில அரசின் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம், தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து வயதிலேயே அந்தத் தேர்வுகளை நினைத்துப் பிள்ளையைத் துரத்த எந்தக் காரணமும் இல்லை.

அரசு செய்யக்கூடியவை

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. வீட்டில் கற்கும் சிறாரின் பெற்றோருக்காகப் பள்ளிக் கல்வித் துறை ஒரு சிறு வழிகாட்டிக் கையேட்டை வெளியிடலாம். ஏழு வயதில் எது தெரிந்தால் போதும், எது தெரியாவிட்டால் கவலைப்பட வேண்டாம், எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது எளிய தமிழில் இருந்தால் பல வீடுகளின் பதற்றம் தணியும். எண்ணும் எழுத்தும் பயிற்சி நூல்கள் நகல் எடுக்கும் கடைகளிலும் கிடைக்கும்படி செய்யலாம்.

மாநிலத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. அங்கே சேராத பிள்ளைகளும் வாரம் ஒருநாள் வந்து எடை, உயரம் பார்த்து, மற்ற பிள்ளைகளோடு விளையாடிச் செல்ல அனுமதிக்கலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கு அழகான தனிப் பகுதிகள் இருக்கின்றன. மாவட்ட மைய நூலகங்களிலும், வட்ட அளவிலும், வார நாள் காலைகளில் சிறு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, சத்தமாகவே கதை கேட்க ஓர் அறை ஒதுக்க வேண்டும். பள்ளியின் நலப் பரிசோதனை முகாம் நடக்கும் நாளில், அந்தத் தெருவில் வீட்டில் கற்கும் பிள்ளையையும் அழைத்துப் பார்த்து அனுப்பும்படி ஓர் உத்தரவு போதும்.

இத்தனையும் செய்து பார்த்த பிறகும் வீட்டின் சூழல் ஒத்துவரவில்லை, பிள்ளை தனிமையில் வாடுகிறது, அம்மாவால் முடியவில்லை என்றால் பள்ளிக்கு அனுப்புவதில் தயக்கம் வேண்டாம். எந்த வகுப்பும் படிக்காத பிள்ளையையும் அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்து, தேவையான சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்ப முடியாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்கை மறுக்க முடியாது. உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துப் பேசுங்கள்.